பொம்மையைப் படுக்க வைக்க வேண்டாம்

பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகியும் சாரதாமணி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து புருசனோடு பேச்சில்லை. பனியன் கம்பெனியில் ஃபிட்டரான நாச்சிமுத்து மதியம்தான் வருவான்.

“ஏனுங்க, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். தயிரு உறியில. வெளிய போனா சாவிய அடுத்த ஊட்டு அக்காகிட்டக் குடுங்க. நான் தங்கச்சி பிரசவத்துக்குப் போறேன், வர நாலு நாளாகும். பொங்கலூர்ல இருந்து உங்க அக்கா வந்தா, சொன்னபடி பொம்மைய அவங்க புள்ளைக்குக் குடுத்துருங்க.”

அது அம்மையில் போன மகளின் பொம்மை. படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். மகள் இருந்தபோதே எங்கோ சிக்கி, கண் திறந்தபடியே நின்றுவிட்டது. நேற்று நாச்சிமுத்து அதன் தலையைக் கழற்றி, கண்ணுக்குப் பின்னால் தொங்கும் ஈயக்குண்டுக்கு மிஷின் எண்ணெய் விட்டு, தலையைத் திரும்ப மாட்டினான். “தெறந்தே இருக்கட்டுமுங்க. மூடுன கண்ண ஒருக்காப் பாத்தது போதும்” என்று, அவன் படுக்க வைத்துப் பார்ப்பதற்குள் அவள் பிடுங்கி வைத்துவிட்டாள்.

துண்டில் சுற்றி வைப்பதற்காக இப்போது பொம்மையை மடியில் கிடத்தினாள். கண்கள் மெல்ல மூடின.

பொம்மையை நிமிர்த்தினாள்; துண்டை மடித்து வைத்தாள். பிறகு தாளின் அடிப்பகுதியில் நெருக்கி எழுதினாள்:

“கண்ணு சரியாயிருச்சுங்க. செவுத்துல சாய்ச்சு உக்கார வெச்சிருக்கறேன். அவங்க வர்ற வரைக்கும் படுக்க வெச்சராதீங்க.”