என் குரலுக்குப் பின்னால் இருந்த பாட்டு

அண்ணை,

தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் தகரத்தைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி ஒன்பது கசெற்றுகள். எல்லாம் நான் சுவிஸுக்கு வந்த புதிதில் பேசிப் பதிந்து வீட்டுக்கு அனுப்பியவை. எட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்பதாவதைக் கையில் எடுத்தவன் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். அதன் மேல் நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த உங்கள் கையெழுத்தில், "லுகானோ" என்று இருந்தது. அதற்குக் கீழே அம்மா என் பெயரை எழுதியிருந்தார்.

நீங்கள் காலமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லி அதைவிடக் கனகாலம். இப்போதுதான் அதை எழுதத் துணிவு வந்திருக்கிறது. நல்ல செய்தி கையில் இருந்தால் கோழைக்கும் துணிவு வரும் போலிருக்கிறது.

நீங்கள் சுவிஸில் இத்தாலி மொழி பேசும் பக்கத்து ஆள். நான் யாழ்ப்பாணத்தான். டாவோஸ் ஹோட்டல் சமையலறையில் நீங்கள் அடுப்படியிலும் நான் கோப்பை கழுவும் தொட்டியடியிலும் நின்றோம். நமக்குள் பேச இருந்தது டொச், அதாவது ஜெர்மன் மொழி ஒன்றுதான். அது இரண்டு பேருக்குமே அரைகுறை. வந்த முதல் கிழமையே உங்களை அண்ணை என்று கூப்பிட்டேன். பொருள் கேட்டீர்கள், சொன்னேன். அதற்குப் பிறகு சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீங்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. உங்கள் பேச்சு எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே நினைவில் நின்றுவிட்டது. அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

அந்த லுகானோக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி, முதன்முதலாக நடந்தது, உங்கள் ஊரான லுகானோவில். ஏழே ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. தொலைக்காட்சிக்காக நடத்தினார்கள், ஆனால் எவர் வீட்டில் தொலைக்காட்சி இருந்தது, வானொலியில்தான் கேட்டார்கள். நீங்கள் அந்த மண்டபத்துச் சிற்றுண்டிச் சாலையில் தட்டுத் தூக்கும் இளந்தாரி. மேடையை ஒரு தரமும் காணவில்லை. கதவு திறக்கும்போது மட்டும் பாட்டுக் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம், வருகிறவர்களின் மேலங்கிகளை வாங்கிக் கொளுவும் இடத்தில் ஒரு பெண் நின்றாள்.

"மே மாதத்தில ஆர் கோட்டுப் போடுறது? அவளுக்கு வேலையில்லை. என்ர அதிர்ஷ்டம்" என்பீர்கள். தட்டை வைத்துவிட்டு அவளோடு பேசப் போய், மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கி, அடுத்த வருடம் அவளையே கட்டினீர்கள். அந்த முதல் போட்டியில் வென்றதும் சுவிஸ்தான். வாக்குகள் எப்படி விழுந்தன என்று இன்றுவரை எவருக்கும் சொல்லவில்லை, சுவிஸ்காரன் இரகசியம் காப்பதில் கெட்டிக்காரன் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் டாவோசுக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்தான் உங்கள் மனைவி இறந்திருந்தார். அந்தக் கதை சொல்லும்போது மட்டும் அவர் இருக்கிறவர் மாதிரியே பேசுவீர்கள்.

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள், உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய எல்லாரும் அன்று அந்த மண்டபத்தில்தான் தட்டுத் தூக்கினார்களோ என்று நக்கலாகக் கேட்டுவிட்டேன். உங்கள் முகம் சிவந்தது. மறுநாள் அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து என் ஈரக் கையில் வைத்தீர்கள். பழைய ஒலிப்பதிவை வானொலியில் மறுபடி போட்டபோது வீட்டில் பிடித்தது என்றீர்கள். "முழுக்கக் கேள். பிறகு கதை" என்றீர்கள்.

நான் முழுக்கக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கேட்டேன். வயலின்களும் அறிவிப்பாளரும் விளங்காத பாஷையும். அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன்.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது.

அந்த ஞாயிறு மத்தியானம், மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வு நேரம். ஓர்லிகோன் என்ற ஊரில் இருந்து தமிழர் ஒருவர் மறுநாள் கொழும்புக்குப் போகிறார், கடிதம் இருந்தால் பின்னேர ரயிலில் வரும் பெடியனிடம் கொடுத்துவிடு என்று செய்தி வந்தது. வீட்டிலிருந்து ஐந்து மாதமாக ஒரு சொல் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று அம்மாவுக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கடிதத்தை அடுத்த வீட்டுக்காரர் வாசித்துக் காட்டுவதை அவர் விரும்புவதில்லை. அதனால் நாங்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் கசெற்றில்தான் பேசி அனுப்புவோம். ஆனால் என்னிடம் வெறும் கசெற் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுவிஸில் எந்தக் கடை திறந்திருக்கும்?

உங்கள் கசெற் கட்டிலில் கிடந்தது. அதன் முதுகிலிருந்த சிறிய பிளாஸ்டிக் பல்லை நீங்கள் கவனமாக உடைத்திருந்தீர்கள். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எவரும் மேலே பதிய முடியாது. ஆனால் உடைத்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு ஒட்டு நாடாவை ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது யாழ்ப்பாணத்தில் கசெற் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். நான் ஒட்டினேன். தவறுதலாக அல்ல, அண்ணை, தெரிந்துதான் ஒட்டினேன். வானொலியில் போன பாட்டுத்தானே, வேறு எங்காவது பிடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தொடக்கத்துக்குச் சுற்றி, சிவப்புப் பொத்தானை அமத்தி, "அம்மா, நான்தான்" என்று தொடங்கினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. அழுததும் பேச்சில் சேர்த்தி.

மூன்றாம் நாள் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டீர்கள்.

"கேட்டனியோ? பாட்டுக்கு நடுவில அவள் கதைக்கிறாளே, அது கேட்டுதோ? அவளின்ர குரல் எண்டு என்னட்ட இருக்கிறது அது மட்டும்தான்."

வானொலிக்குப் பக்கத்தில் கருவியை வைத்துப் பிடித்தால் வீட்டுச் சத்தமும் விழும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கள் வீட்டுக் கசெற்றுகளிலும் பாட்டுக்கு நடுவே கோழி கத்தும். அந்த நேரம் கசெற் கடல் கடந்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். சோஸ் கொஞ்சம் உப்புக் குறைந்தாலே கத்துகிற ஆள். அன்று அடுப்பைக் குறைத்துவிட்டு, எந்த பஸ், எத்தனை மணி என்று மட்டும் கேட்டீர்கள். நான் ஒரு இலக்கமும் நேரமும் சொன்னேன். அன்று தொடங்கி அந்தப் பனிக்காலம் முடியும்வரை கிழமைக்கு ஒருதரம் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டருக்குப் போய் விசாரித்தீர்கள். திரும்பி வந்து, "இன்னும் இல்லை" என்பீர்கள், நான் கவலைப்படக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, இலேசான குரலில். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஆகக் கொடுமையான இரண்டு சொற்கள் அவை.

பனிக்கால வேலை முடிந்து பிரியும்போது ஐந்து புதுக் கசெற் கொண்ட பொதி ஒன்றை என் பையில் திணித்தீர்கள். "அம்மாவோட கதை" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது, குத்திக் காட்டத்தான் தந்தீர்கள் என்று பல வருடம் நினைத்துக் குமைந்தேன். பிறகு நான் ஓர்லிகோனுக்கு வந்தேன், நீங்கள் லுகானோவுக்குப் போனீர்கள். வருடாவருடம் நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் பதில் எழுதும்போது அந்த உண்மையை எழுதுவேன், கிழிப்பேன், நல்வாழ்த்துகள் என்று மட்டும் அனுப்புவேன். உங்கள் செத்த வீட்டுக்கு வந்து உங்கள் மகளின் கையைப் பிடித்தபோதும் சொல்லவில்லை. ஊரில் இடப்பெயர்வு நடந்து எங்கள் வீடே இல்லாமல் போனதும் எல்லாம் அழிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அண்மையில் அந்தப் போட்டி மறுபடி சுவிஸுக்கு வந்து, பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஆரவாரித்தபோது நான் எழும்பிப் போய்க் கோப்பை கழுவினேன். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா அந்தத் தகரத்தைச் சுமந்திருக்கிறார், அண்ணை. வீட்டை விட்டு ஓடியபோது நகையையும் இதையும்தான் எடுத்தாராம். சாவகச்சேரிக்கு, வன்னிக்கு, திரும்ப யாழ்ப்பாணத்துக்கு. மகனின் குரல் என்று சுமந்தார். உங்கள் மனைவியின் குரலும் அதற்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

கேட்பதற்கு வீட்டில் கருவி இல்லை. பழைய பொருட்கள் விற்கும் கடையில் ஒன்றைத் தேடி வாங்கி வந்தேன். மனைவியும் தங்கச்சியும் பக்கத்தில் இருக்கப் போட்டோம். என் இளம் குரல் கேட்டது. சாப்பாடு நல்லாக் கிடைக்குது, குளிர் ஒன்றும் பெரிதில்லை என்று அடுக்கடுக்காகப் பொய். இருபத்திரண்டு நிமிடம். "வைக்கிறன் அம்மா" என்றேன். டக் என்று ஒரு சத்தம். உடனே, ஒரு பாட்டின் நடுவிலிருந்து, வயலின்கள்.

நான் கருவியின் பக்கம் குனிந்தேன். தங்கச்சி மட்டும் சாதாரணமாக, "ஓம், இது வரும். இனி அந்தப் பொம்பிளை கதைப்பா" என்றாள்.

எந்தப் பொம்பிளை என்றேன். அவள் சிரித்தாள்.

"அது உன்ர அறையில இருக்கிற வெள்ளைக்காரி எண்டு அம்மா நினைச்சவ. ஆர் எண்டு கேக்கக் கூடாது, கேட்டா எங்கள விட்டிட்டுப் போயிடுவான் எண்டு எனக்கும் வாய்ப்பூட்டு. உனக்கு அவசரம் அவசரமாப் பொம்பிளை பாத்தது வேற ஏன் எண்டு நினைச்சனி?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தத் திடீர்க் கலியாணத்தின் காரணம் இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவந்தது. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நான் சிரிக்க வெளிக்கிட்டு அழுதுவிட்டேன். ஏனென்றால் அதற்குள் கசெற்றில் உங்கள் மனைவி பேசத் தொடங்கிவிட்டார். ஏதோ சொல்கிறார், சிரிக்கிறார். பிறகு ஒரு ஆண் குரல் பதில் சொல்கிறது, "ஸீ, ஸீ" என்று, அதாவது இத்தாலியில் ஓம் ஓம் என்று, எரிச்சலும் செல்லமுமாக. அது நீங்கள்.

போன சனிக்கிழமை ரயிலேறி உங்கள் மகளிடம் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன், உள்ளே போய் இருந்தால் இந்தத் தரமும் சொல்லாமல் விட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். ஒட்டு நாடா, பஸ், கவுண்டர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழிவிட்டு நின்று உள்ளே வரச் சொன்னார்.

தாயின் குரல் வந்ததும் அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று தரம் கேட்டார். பிறகுதான் எனக்குச் சொன்னார். வென்ற பாடகி பரிசுக்குப் பிறகு அதே பாட்டை மறுபடி பாடும்போது நெகிழ்ந்து சொல் மறந்து நிற்கிற இடமாம் அது. "பாவம், மறந்திட்டா. பரவாயில்லை, திரும்பத் தொடங்குவா" என்கிறாராம் உங்கள் மனைவி. அடுத்த வசனம், "நீ அந்த மெசினை விட்டிட்டு அடுப்பைப் பார், பால் பொங்குது." அதற்குத்தான் உங்கள் "ஸீ, ஸீ".

நான் அந்த ஐந்து கசெற்றையும் பற்றிக் கேட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா முழு டாவோசுக்கும் கேக்கிற மாதிரிக் கத்தியிருப்பார். தெரியாது. உங்களுக்குத் தரவேணும் போல இருந்திருக்கு, தந்திருக்கிறார். அவ்வளவுதான்."

இத்தனை வருடம் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது வெறும் அன்பளிப்பு. எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்வேன், அண்ணை. இறுகிய சப்பாத்தைக் கழற்றினால் காலுக்கு வருமே, அது உடம்பு முழுக்க வந்தது.

பிறகு அவர், தொடக்கத்துக்குச் சுற்றி என் பேச்சையும் போடச் சொன்னார். தன் அம்மாவின் குரலுக்கு மேல் எது ஏறிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். நான் வெட்கத்தோடு ஒவ்வொரு வசனமாக டொச்சில் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்தாவது நிமிடத்தில் எனக்கே மறந்துபோன ஒன்று வந்தது.

"இஞ்ச ஒரு அண்ணை இருக்கிறார், அம்மா. சமையல்காரர். நான் சாப்பிட்டனோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிற ஆள் இந்த ஊரில அவர் மட்டும்தான். நீங்கள் என்னைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. அவர் பாத்துக்கொள்ளுவார்."

அதைச் சொல்லி முடிக்க நான் மூன்று தரம் நிறுத்த வேண்டியிருந்தது. உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று செத்த வீட்டில் நான் பிடித்த அதே கை. இரண்டு குரலும் ஒன்றாகவே இருக்கட்டும், எதையும் வெட்ட வேண்டாம் என்றார்.

கசெற்றை அவரிடமே விட்டு வந்தேன். கொடுக்குமுன் ஒரு வேலை மட்டும் செய்தேன். முதுகிலிருந்த ஒட்டு நாடாத் துண்டு மஞ்சளாகிக் காய்ந்து போயிருந்தது. நகத்தால் கிளப்ப ஒரே இழுவையில் வந்துவிட்டது. நீங்கள் உடைத்த ஓட்டை பழையபடி திறந்துகொண்டது. இனி அதன் மேல் எவரும் எதுவும் பதிய முடியாது. அந்தத் துண்டு இப்போது என் பணப்பையில், பிள்ளைகளின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மனைவி எறியச் சொல்கிறாள், நான் எறியவில்லை.

அடுத்த வருடம் பிள்ளைகள் அந்தப் போட்டியைப் போட்டால் நானும் இருந்து பார்ப்பேன். எவராவது சொல் மறந்து நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் இனி அந்தக் கவுண்டருக்குப் போக வேண்டாம், அண்ணை. கிடைத்துவிட்டது.