நிமிர்த்திக் காட்டும் குழாய்

பனிச்சங்கேணி
10.12.2023, ஞாயிறு

அன்புள்ள தம்பி நிஷாந்த்,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்குள்ள சுகம் உனக்குத் தெரியும். அன்று போனில், "எப்பிடிக்கா கண்டுபிடிச்ச?" என்று கேட்டாய். பக்கத்தில் கிருசிகா நின்றதால் என்னால் சொல்ல முடியவில்லை. ஏறாவூர் இர்ஷாத் வெள்ளிக்கிழமை டோஹா திரும்புகிறாராம். அவரிடம் கொடுத்துவிட இதை எழுதுகிறேன்.

கிருசிகாவின் பத்தாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய தொலைகாட்டியை, மழை ஓய்ந்ததும் தானே பூட்டித் தருவதாகச் சொல்லி உன் அத்தான் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறால் வலையோடு களப்புக்குப் போனார். ஒன்பது மணிபோல் காற்று மாறி அடித்தது. மற்றத் தோணிகள் திரும்பிவிட்டன. இவருடையது வரவில்லை.

நீரோட்டம் இழுத்திருக்கும் என்று இரண்டு நாளும் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கமே தேடினார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வியாழன் காலை பெட்டியைப் பிரித்தேன்.

முக்காலியின் கால்களை நீட்டி, நடுத்தட்டைப் பூட்டி, தலையில் குழாயைத் தாங்கும் கவையை இறுக்கினேன். குழாயை வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. திருகாணியை இறுக்கினால் அசையவில்லை, தளர்த்தினால் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. மெல்லிய கம்பியொன்றைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று கிருசிகாதான் பெட்டிக்குள் இருந்த தாளின் படத்தைப் பார்த்துக் காட்டினாள். அதைப் பூட்டி அதன் திருகை உருட்டியதும் குழாய் மெல்ல மெல்ல ஏறி இறங்கியது. காற்றுக்குக் கால்கள் நடுங்கின. பழைய வலையின் ஈயக்குண்டுகளைப் பையில் போட்டு நடுவில் தொங்கவிட்டேன். ஆட்டம் நின்றது.

முதலில் பிள்ளை பார்த்தாள். கண்டல் மரமெல்லாம் தலைகீழாக நிற்கிறது என்று இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள். வானம் பார்க்கிற வில்லையை மட்டும் போட்டால் அப்படித்தான் தெரியும் என்று தாளில் இருந்தது. நிலம் பார்க்க, நிமிர்த்திக் காட்டும் சிறு குழாய் ஒன்றை இடையில் செருக வேண்டும். நான் அதைப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கத்தினாள், "அம்மா, அப்பாட நீலத் தோணி! அக்கரைக் கண்டலுக்குள்ள நிக்குது. கவிழல்ல, நேராத்தான் நிக்குது!"

வேலிக்கு வெளியே ஓடி எல்லோருக்கும் சொன்னாள். பக்கத்து வீட்டு வேலப்போடி மாமா, "றஜீவன் வந்திருவான்" என்று கைகூப்பி அழுதார். நான் குனிந்து பார்த்தேன். மரங்கள் தலைகீழ். தண்ணீர் மேலே, வானம் கீழே. தோணி மட்டும் நேராக இருந்தது.

தம்பி, அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சிறு குழாயைச் செருகினேன். திரும்பவும் குனிந்து பார்த்தேன். மரங்கள் நிமிர்ந்தன. தோணி கவிழ்ந்து கிடந்தது.

மாமாவைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "புள்ளையக் கூட்டிக்கொண்டு உள்ள போ மகள்" என்றார். ஊரவர்கள் போய்ப் பார்த்தபோது, உன் அத்தான் வலை காலில் சுற்றியபடி தோணிக்குக் கீழேயே கிடந்தாராம். முகத்தை எனக்குக் காட்டவில்லை.

அன்றிலிருந்து கிருசிகா என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. பத்தினிப்பிள்ளை மாமியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், "நான் பாக்கக்குள்ள தோணி நேராத்தான் நிண்டது. அம்மா அந்தக் குழாயப் போட்டதாலதான் கவிழ்ந்தது. போடாட்டி அப்பா வந்திருப்பார்." அவளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? சில நேரம் எனக்கே, போடாமல் விட்டிருக்கலாம் என்று வருகிறது.

நீ வரப்போவதாகச் சொன்னாய். வேலைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. விட்டுவிட்டு வராதே. முப்பத்தோராம் நாள் காரியத்தை இங்கே எல்லோருமாகச் செய்வோம். ஒன்று மட்டும் செய். பிள்ளைக்கு ஒருநாள் போன் எடு. நான் செய்தது சரி என்று சொல்ல வேண்டாம். அவள் சொல்வதை முழுதாகக் கேள். அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டுப் பத்து நாளாகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. உயரத்தில் வேலை என்றாய், கவனம். கடவுள் உன்னையாவது எங்களுக்கு வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
றஞ்சிதா