இரண்டு நாள் கப்பல்

என்னங்க,

நீங்கள் நடந்துவிட்டு வருவதற்குள் நானும் உங்கள் தங்கையும் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவோம். மதியச் சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு பிளம்பர் வருவார். போன தடவை மாதிரி இன்ஜின் கதை பேசியே அனுப்பிவிடாதீர்கள், குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

"ரெண்டே நாள்ல கப்பல்ல என்னத்தப் பாத்துடப் போற?" என்று நேற்று கேட்டீர்கள். கோபத்தில் எழுந்து போய்விட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். சுற்றுலாக் கப்பலின் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறுவோம். அறையில் பையைப் போட்டுவிட்டு, கால் வலிக்க வலிக்க எல்லாத் தளத்தையும் சுற்றுவோம். தூக்கத்தை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் இன்ஜின் அறையில் வெந்த உங்களுக்குக் கப்பல் அலுத்துப்போனது நியாயம்தான். நான் ஒன்றில்கூட ஏறியதில்லையே.

மாத்திரையை மறக்காதீர்கள்.

பி.கு.: "அண்ணனையும் இழுத்துட்டுப் போயிருக்கலாம் அண்ணி" என்று உங்கள் தங்கை பக்கத்தில் நின்று முனகுகிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கத்தான் வீம்பு விடவில்லை.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் திரும்பும். உங்கள் கப்பல் வந்தபோதெல்லாம் நான் கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள் அடியில் இருந்தீர்கள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை நீங்கள் வந்து நில்லுங்கள். நான் மேல்தளத்தில்தான் இருப்பேன். கையை ஆட்டினால் எனக்குத் தெரியும்.