இரண்டு மணிப் பாட்டும் நாற்பது கார்டும்

செவ்வாய்க்கிழமை,
பள்ளிக்கூடம் விட்டதும்

அன்பும் அச்சமும் சம அளவில் கலந்து, அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

முதலில் தலைப்புச் செய்திகள். இரண்டு ஆண்டுகள் இடைவிடாது சொட்டிவந்த நம் வீட்டுக் குளியலறைக் குழாய், நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பணி ஓய்வு பெற்றது. உன் பழைய குடை காணாமல் போனது தொடர்பாக இதுவரை எவரும் கைது செய்யப்படவில்லை. மாடிப்படிப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. தகப்பன் யார் என்பது குறித்துக் கீழ் வீட்டுக் கடுவன் கருத்துக் கூற மறுத்துவிட்டது. செய்திகள் முடிவடைந்தன.

இனி விஷயம். போன வெள்ளிக்கிழமையிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு உங்கள் நர்ஸ் விடுதி ரேடியோவில் அம்மாவின் குரல் வராமல் வெறும் வாத்திய இசை வந்திருக்கும். தொண்டை சரியில்லை என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னாளே, நம்பாதே. தொண்டை கல்லு மாதிரி இருக்கிறது. அம்மாவை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தன்னைப் புகழ்ந்து தானே நேயர் கடிதம் எழுதிக்கொண்டாள் என்பது குற்றச்சாட்டு. வருகிற திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் நிகழ்ச்சி போய்விடும். அம்மா மறுபடி லைப்ரரியில் உட்கார்ந்து இசைத்தட்டு உறைகளுக்கு நம்பர் ஒட்ட வேண்டியதுதான். அப்பா ரயிலோடு டியூட்டிக்குப் போயிருக்கிறார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள்.

நிலையத்தில் ஒலிப்பதிவு பார்க்கும் நம் சவுண்டு மாமா, விசாரணையில் கொடுக்க அம்மாவின் பணி வரலாற்றை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "நான் என்ன செத்தா போயிட்டேன், வரலாறு எழுத?" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். ஆகவே நான் எழுதியிருக்கிறேன். தப்பிருந்தால் திருத்து.

'பதினேழு வருடத்துக்கு முன் இசைத்தட்டு லைப்ரரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். அன்று பெண்கள் மைக் முன்னால் உட்காரலாம், ஆண்கள் எழுதிக் கொடுத்ததை வாசிப்பதற்கு மட்டும். எந்தப் பாட்டு என்று முடிவு செய்வதும், தட்டின் மேல் முள்ளை வைப்பதும் ஆண்கள் வேலை. தானே தேர்ந்தெடுத்து, தானே போட்டு, தானே பேசுகிறேன் என்று இவர் ஆறு முறை மனுக் கொடுத்தார். ஏழாவது மனுவுக்கு, தொல்லை தாங்காமல், ஊரே தூங்கும் மதியம் இரண்டு மணியைக் கொடுத்தார்கள். தூங்கிய ஊர் எழுந்து உட்கார்ந்தது. காரணம், இவர் பாடியவர் பெயரோடு நிறுத்தவில்லை. பின்னால் வயலின் வாசித்தவர் யார், டிரம்ஸ் தட்டியவர் யார் என்று ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கிக் கேட்டுவந்து சொன்னார். உறையில் அச்சாகாத பெயர்கள் காற்றில் அச்சாயின. இந்த நிலையத்தில் இசை நிகழ்ச்சியைத் தனியாக நடத்திய முதல் பெண் இவரே.'

'காற்றில் அச்சாயின' சொந்தச் சரக்கு. பரவாயில்லை அல்லவா?

அடுத்து என் புலன்விசாரணை. துப்பறிய முதலில் துப்பு வேண்டும், உனக்கு ஏது அது என்பாய். பொறு. என் கண்ணுக்குத் தப்பியவன் இந்தத் தெருவிலேயே கிடையாது. முதல் ஆள், குரலை வைத்து நாம் 'கணீர்' என்று பெயர் சூட்டிய காலை நிகழ்ச்சி அறிவிப்பாளர். அம்மாவின் இரண்டு மணி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். "மத்தியானத்துல பொம்பளைக் குரல் கேட்டா தூக்கம்தான் வரும்" என்று கேன்டீனில் சொல்லித் திரிகிறவர், வெள்ளிக்கிழமை அம்மா மேசையை ஒழித்தபோது பெட்டியைத் தூக்கிவந்து கொடுத்தாராம். அவர் இவ்வளவு நல்லவராக இருந்ததே இல்லை. இரண்டாவது ஆள் நிலைய இயக்குநர். எதையும் இயக்கியதாகச் சரித்திரம் இல்லாததால் இனி அவரை நிலைய நிறுத்துநர் என்றே குறிப்பிடுவேன். மூன்று மாதத்தில் நூறு கடிதம் வராவிட்டால் இரண்டு மணியைக் கணீருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சர்க்குலர் விட்டவர் இவர்தான்.

சவுண்டு மாமா மேலும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. தினமும் வந்து டீ குடிக்கிறார், என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார். நேற்று அந்தப் பணி வரலாற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கேடா" என்றார். என் கையெழுத்தை யாராவது நல்லா இருக்கு என்பார்களா?

விஷயம் வெளிவந்த விதம் அவர் சொன்னதுதான். மொத்தம் நாற்பது கார்டு. எழுதியவர்கள், ஓய்வு பெற்ற தபால்காரர், தையற்கடை நண்பர்கள், பல் டாக்டரிடம் காத்திருப்போர் சங்கம், இந்த ரகம். நாற்பதிலும் ஒரே தபால் நிலைய முத்திரை. நிறுத்துநர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் கண்ணில் குத்தியது தபால்காரரின் கார்டு. ஒரு புதுப் பாட்டைப் போடச் சொல்லி, 'இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் புல்லாங்குழலுக்காகவே இன்னொரு முறை' என்று எழுதியிருந்தார். அந்தத் தட்டு நிலையத்துக்கு வந்தே நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு தடவைகூட ஒலிபரப்பாகவில்லை. கடைக்கும் வரவில்லை. லைப்ரரிப் பதிவேட்டில் அதை எடுத்துப்போனவர் ஒரே ஒருத்தி, அம்மா. எந்தத் தட்டையும் வீட்டில் ஒரு ஞாயிறு முழுக்கப் போட்டுக் கேட்காமல் அவள் ஒலிபரப்பமாட்டாளே.

கார்டுகளை நீட்டி, "இது யாரு எழுத்தும்மா?" என்று நிறுத்துநர் கேட்டாராம். அம்மா ஒவ்வொன்றாகப் படித்தாளாம். பல் டாக்டர் சங்கத்துக்கு வாய்விட்டுச் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியல சார்" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னாள். மறுநாள் பார்த்தால் என் கட்டுரை நோட்டு அலமாரியில் இல்லை. அம்மாவின் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் நான் வாங்கிய மார்க்கை ஒளிக்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா ஏன் ஒளிக்க வேண்டும்?

அக்கா, இதற்கு மேல் சுற்றி வளைக்கக் காகிதம் இல்லை. கணீர் பாவம். மாமாவும் பாவம். நிறுத்துநர்கூடப் பாதிப் பாவம். நாற்பதையும் எழுதியது நான். இடது கையால் கொஞ்சம், பச்சை மையில் கொஞ்சம், பாட்டியம்மா நடுக்கத்தோடு கொஞ்சம். உலகத்தில் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். அம்மாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. அவள் நிகழ்ச்சியைத் தனி ஆளாகக் காப்பாற்றிவிட்டேன் என்று இரண்டு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. என் நாற்பது இல்லாமலே நூற்றுப் பன்னிரண்டு நிஜக் கடிதம் வந்திருந்ததாம். இப்போது அதையும் போலி என்று சேர்த்து மூட்டை கட்டிவிட்டார்கள். அதில் ஒரு வயலின்காரரின் மனைவி எழுதியது இருக்கிறது. முப்பது வருடம் வாசித்த மனுஷன், தன் பெயரை முதல் தடவையாக ரேடியோவில் கேட்டதும், எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாராம். அப்படி ஒரு அம்மாளே கிடையாது என்று நிலையத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

நிறுத்துநருக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். 'தெரியல' என்று அம்மா சொன்ன பிறகு 'நான்தான்' என்று நான் போய் நின்றால், அம்மா பொய் சொன்னதாக ஆகிவிடாதா? சொல்லாமல் விட்டால், செய்யாத காரியத்துக்கு அவள் தலைகுனிய வேண்டும். நாற்பது பேராக எழுதியவனுக்கு என் பெயரில் நாலு வரி வரமாட்டேன் என்கிறது. ஐந்து தாள் கிழித்தாயிற்று.

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அது எனக்கும் தெரியும். சமையலறை வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவளும் மூன்று தடவையும் டம்ளரை நிரப்பிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய். அம்மாவைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. தெரிந்த திட்டெல்லாம் திட்டு, வார்த்தை போதாவிட்டால் விடுதியில் கேட்டு வைத்துக்கொள். திட்டி முடித்ததும் ரிசீவரை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போவேன். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வரும்வரைக்கும், எவ்வளவு நேரமானாலும், நீ மட்டும் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
சொந்தக் கையெழுத்தில்,
உன் தம்பி