பேனரில் ஒரு சித்தி

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
ஞாயிறு காலை

அன்புள்ள தென்றல் அக்காவுக்கு,

ஆதவன் எழுதுகிறேன். அம்மா, அப்பா நலம். பாப்பாவின் காது ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவச் சொல்கிறாள் அம்மா.

போனில் எதையும் எழுத வேண்டாம் என்று மாடி அறை நர்கிஸ் கேட்டுக்கொண்டாள். அதனால் கடிதம். வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்பும் சக்கரபாணி சாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காதணி விழா வீடியோவை எடுத்துவிடு என்று நேற்று சொன்னேன். எதுக்குடா, ஐந்நூறு பேர் பாத்திருக்காங்க, பாப்பா எவ்ளோ அழகா அழுவுறா பாரு என்றாய். சும்மாதான் என்றேன். சும்மா இல்லை.

நர்கிஸ் ஈரானிலிருந்து யோகா படிக்க வந்தவள் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அங்கே உறவினர்களிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். போன வருடம் இங்கே ஒரு சிறிய சபையில் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறாள். அவள் அம்மா அதற்கு முன்பே மாறியவர். அங்கே அதை வெளியே சொல்ல முடியாது. வாரம் ஒருநாள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, குரல் எழுப்பாமல், உதட்டசைவில் பாடுவார்களாம்.

இதெல்லாம் இந்த வாரம்தான் சொன்னாள். படத்தை மட்டும் முன்பே அனுப்பியிருந்தாள். வெள்ளை உடை, ஈரத் தலை, கழுத்தில் சிலுவை. உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாள். அதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பேனருக்குப் படங்கள் சேர்த்தபோது அம்மா, அந்தப் பொண்ணையும் போடுடா, ஒரு வருஷமா நம்ம கையால சாப்புடுது, உட்டுட்டா மனசு கஷ்டப்படும் என்றாள். என்னிடம் இருந்தது அந்த ஒரு படம். சித்திகள் வரிசையில் மூன்றாவது. பேனர் கடை சுரேஷ்குமார் பின்னணியை வெட்டிவிட்டு ரோஜாப்பூ வைத்தார். சிலுவையை வெட்டவில்லை. பார்த்தேன். அழகாக இருந்தது.

விழாவன்று நர்கிஸ் பேனர் முன்னால் வெகுநேரம் நின்றாள். சந்தோஷம் என்று நினைத்தேன். எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். நான்கு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் தம்பி போன் செய்தான். ஈரானில் அவர்கள் வீட்டுக்கு மஃப்டியில் நான்கு பேர் வந்தார்களாம். புத்தகங்களை, கம்ப்யூட்டரை, அம்மாவை. எல்லாவற்றையும் ஒரே வண்டியில். போகும் முன் ஒரு படத்தைக் காட்டி, இது உங்கள் வீட்டுப் பெண்தானே என்று கேட்டிருக்கிறார்கள். படத்தில் அவள் முகத்துக்குக் கீழே வட்டவட்டமாக ஏதோ எழுத்து இருந்ததாம்.

பேனரில் என் முகத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தாய் என்று என்னிடம் கேட்டாள். சித்தி, அம்மாவின் தங்கை என்றேன். சிரித்தாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

படம் எப்படிப் போனது? ரோட்டில் போகிறவர்கள் எடுத்திருக்கலாம். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் நம் பேனர்களைப் படம் எடுக்காமல் போவதில்லை. சுரேஷ்குமார் தன் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கலாம். கேட்டேன். போடல தம்பி, அன்னிக்கு நெட்டு கம்மி என்கிறார். உன் வீடியோவில் பேனர் பதினோரு விநாடி வருகிறது. இதை எழுதாமல் விட நினைத்தேன்.

இப்போது அவள் தம்பி ஒரு கடிதம் கேட்கிறான். விழாவுக்காக நாங்கள்தான் அந்தச் சிலுவைச் சங்கிலியைப் போட்டுவிட்டோம், அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது என்று நம் குடும்பம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது வந்தால் அம்மாவை விட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அம்மா உடனே, குடுத்துடலாம்டா, அந்தச் செயின் என்னுதுன்னே சொல்றேன், அந்தம்மா வூட்டுக்கு வந்தா போதும் என்றாள். அப்பா, நீ எந்தக் காலத்துல சிலுவ போட்ட, எழுதறதையாவது நம்புற மாதிரி எழுதுங்க என்றார்.

நர்கிஸ் வேண்டாம் என்றாள். அங்கே அம்மாவிடமும் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், தான் கிறிஸ்தவள் இல்லை என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள், நான் எப்படிச் சொல்வது என்றாள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, எழுது என்றாள். எழுதினேன். கையெழுத்துக்கு அப்பாவைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். மூன்று நாளாக அவளிடம்தான் இருக்கிறது. கொடு என்று கேட்பதா, கிழித்துவிடு என்று சொல்வதா?

வீடியோவை எடுத்தால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்களோ? அதுவும் தெரியவில்லை. எடுத்துவிடு.

என்னால்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பேனரைத் தவிர அந்தப் படம் வேறெங்கும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். உன் வீடியோ அவளுக்குத் தெரியாது. நீ அவளுக்கு எதுவும் எழுதாதே. மன்னிப்பும் கேட்காதே. அது என்னோடு இருக்கட்டும்.

அவள் அம்மாவின் பெயர் பர்வானே. நம் அம்மா விளக்கேற்றும்போது அந்தப் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறாள். பாப்பாவைத் தூங்கவைக்கும்போது நீயும் ஒருமுறை சொல். எந்தக் கடவுளிடம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அக்கா.

உன் தம்பி,
ஆதவன்