விடுதலைக்கு முப்பது ரூபாய்

12 மார்ச் 2007, திங்கள்
எங்கள் பத்திரிகையின் 1996 முதல் 98 வரையிலான தாள்கள் முழுவதும் இணையத்தில் ஏறிவிட்டன. இருபது வருடம் செய்தி மேசையில் உட்கார்ந்து தலைப்பு வைத்தவன் நான். இப்போது பழைய செய்திகளைப் பிரிவு பிரித்து ஏற்றுகிறேன்.

இணையப் பிரிவு மேலாளர் ராகேஷ் இன்றும் பாடம் நடத்தினான். வயது இருபத்தொன்பது. "அண்ணே, இன்னைக்குச் செய்தி இலவசம். ஏழு நாள் தாண்டிட்டா காசு. குற்றச் செய்திக்கு மட்டும் எப்பவும் காசு கிடையாது. கூட்டம் அங்கனதான் வருது, விளம்பரமும் அங்கனதான் விழுது."

மனைவியை வெட்டியவன் செய்திக்குப் பக்கத்தில் கல்யாணத் தகவல் மையத்தின் விளம்பரம். காட்டினேன். "அதுலதாண்ணே கிளிக் அதிகம்" என்றான்.

வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கப் பிடிக்கவில்லை.

20 மார்ச்
இன்று அதிகம் படிக்கப்பட்டது: பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு கிணற்றுப் பிணம். வைகையில் சாக்கடை கலப்பதைப் பற்றிய இன்றைய கட்டுரை: நாற்பத்தொரு பேர். அதில் இரண்டு பேர் நானும் எழுதியவரும்.

3 ஏப்ரல், செவ்வாய்
ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் ராமக்காள், அவனியாபுரம். கையில் மடித்த தாள். நம் இணையப் பக்கத்தை யாரோ அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

'பச்சிளங்குழந்தையைத் திருடிய பாதகி.' 1996 ஜூலை. படத்தோடு.

ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாராம். குழந்தை காணாமல் போனது. இவரைப் பிடித்துப் போனார்கள். பதினெட்டு நாள் ஜெயில். கடைசியில் குழந்தையை எடுத்துப் போனது அதன் அத்தை. 98-இல் கோர்ட் இவரை விடுவித்தது. அதன் பிறகு வீடுகளில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போன வாரம் தல்லாகுளத்தில் ஒரு வீட்டில் இவர் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"சார், கேசு முடிஞ்சு ஒம்பது வருசம் ஆச்சு. கோர்ட்டே போகச் சொல்லிருச்சு. நீங்க இன்னும் புடிச்சு வச்சிருக்கீகளே?"

'பாதகி' என்ற சொல் என்னுடையது. 'ப'வுக்கு 'ப' பொருந்துகிறது என்று அன்று சந்தோஷப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. தூ.

4 ஏப்ரல்
ராகேஷிடம் கேட்டேன், அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று. "மாசம் மூவாயிரம் பேரு பாக்குற பக்கம்ணே. ஒருத்தருக்கு எடுத்தா நாளைக்கு நூறு பேரு வந்து நிப்பான்."

விடுதலைச் செய்தியை நாம் போட்டோமா? தேடினேன். போட்டிருக்கிறோம். ஒன்பதாம் பக்கம், நான்கு வரி. அதுவும் இணையத்தில் இருக்கிறது. பிறகென்ன, அந்த வீட்டில் அதைப் படித்தாலே போதுமே!

8 ஏப்ரல், ஞாயிறு
ராமக்காள் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துத் தல்லாகுளம் போனேன். வீட்டுக்காரப் பெண் ஹம்சவேணி, கல்லூரி விரிவுரையாளர், நம்மவர்தான். எங்கள் சௌராஷ்டிர மொழியில் பேசியதும் முகம் கொஞ்சம் இளகியது. மடியில் ஐந்து மாதக் குழந்தை.

விடுதலைச் செய்தியும் நம் பத்திரிகையிலேயே இருக்கிறதே, பார்க்கவில்லையா என்றேன்.

"தலைப்பு தெரிஞ்சதுண்ணா. கிளிக் பண்ணேன். முப்பது ரூபாய், கிரெடிட் கார்டு நம்பர் போடுன்னு கேட்டுச்சு. மூடிட்டேன்."

சட்டென்று புரிந்தது. கைது, குற்றப் பிரிவு, இலவசம். விடுதலை, மாவட்டச் செய்திப் பிரிவு, காசு. பிரித்து வைத்தது யார்? நானேதான்.

9 ஏப்ரல்
ராகேஷிடம் சொன்னேன். அவனுக்கு உறைக்கவே இல்லை.

"கைதுக்குத்தாண்ணே கூட்டம். விடுதலைய யாரு தேடி வாரா?"

"தேடி வந்தவகிட்ட முப்பது ரூவா கேட்டிருக்கோம்டா!"

"அதான் ஆர்க்கைவ் வருமானம்."

இவ்வளவு அமைதியாக ஒருவனால் இதைச் சொல்ல முடியுமா? அவன் மேசையில் கல்கண்டுப் பொங்கல் வேறு. எடுத்துக்கங்கண்ணே என்று நீட்டினான்.

11 ஏப்ரல்
செய்துவிட்டேன். பழைய தலைப்பை மாற்றினேன்: 'குழந்தை வழக்கில் கைதான ராமக்காள் குற்றமற்றவர்: நீதிமன்றம்.' விடுதலைச் செய்தியை மேலே வைத்தேன், கைதுச் செய்தி கீழே. எதையும் அழிக்கவில்லை. யாருக்கும் காசில்லாமல் திறக்கும். அதையே அச்செடுத்து, ராமக்காள் அன்று கொடுத்துவிட்டுப் போன தீர்ப்பு நகலையும் சேர்த்து, மாலையில் ஹம்சவேணியிடம் கொடுத்தேன்.

வாசலில் நின்றபடியே முழுதும் படித்தார். "நான் தெரு முழுக்கச் சொல்லிட்டேனேண்ணா" என்றார்.

12 ஏப்ரல்
பதினோரு மணிக்குள் பழையபடி மாற்றிவிட்டார்கள். பாதகி மறுபடியும் மேலே. என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. ஆசிரியர் கூப்பிட்டார். என்னைவிட மூன்று வருடம் மூத்தவர், நல்ல தமிழ் எழுதியவர்.

"சந்தானம், ஒமக்கு எதுக்குய்யா இந்த வேலை? அந்தப் பய சொல்றதைத்தான் மொதலாளி கேக்காரு."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

ஜன்னலைப் பார்த்தார். சீ, என்ன பிழைப்பு இது — அவருக்கும் எனக்கும்.

16 ஏப்ரல்
ராஜினாமா எழுதினேன். கிழித்தேன். பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். வரிவிளம்பரப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வீடு வாடகைக்கு, நாய்க்குட்டி விற்பனைக்கு. இதில் யாரையும் பாதகி என்று எழுத வேண்டியதில்லை.

9 மே
இரண்டு முறை ராமக்காளுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டு நம்பர். அவர் வீட்டில் இல்லை என்றார்கள். நானாக அவனியாபுரம் போய் நிற்க வெட்கமாக இருக்கிறது. போய் என்ன சொல்வது? பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அதன் ஓரத்தில் பால் பவுடர் விளம்பரம்.

2 ஜூன், சனி
காலை பத்தரைக்கு விளம்பரப் பகுதிக்குப் போன் வந்தது. ராமக்காள்.

"சார், பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டீகளாம்ல? அந்த டீச்சரம்மா நேர்ல வந்து கூப்புட்டுருச்சு. தெருவுல ஒவ்வொரு வீடா கூட்டிட்டுப் போயி, நீங்க குடுத்த தாளைக் காட்டி, நான் சொன்னது தப்புன்னு அதுவே சொல்லுச்சு. ஒரு மாசமா இங்கனதான் வாரேன்."

என் தலைப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மா, அன்னைக்கு அந்தப் பாதகின்னு போட்டது—" என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது.

"இருங்க சார், புள்ள முழிச்சிருச்சு" என்று வைத்துவிட்டார்.