மூன்றாம் மாடி உப்புமூட்டை

9 ஜூலை 2002, செவ்வாய்

மாயாவை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடது முட்டி மடங்கிவிட்டது. விழவில்லை. சுவரில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் முழங்கை சுவரில் உரசித் தோல் போயிற்று. கீழ்வீட்டு மரியம் அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்து, "இன்னாப்பா, பொண்ணப் போட்டுட்டியா?" என்று கத்தினார். போடவில்லை என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

ஆட்டோவில் மாயாவை உட்காரவைத்தேன். ஏறியபின், "நைனா, உன் சட்டைல ரத்தம் கீது. மாத்திகினு வேலைக்குப் போ" என்றாள். அவளுடைய ரத்தம்.

ஒன்றரை வயதில் போலியோ வந்ததிலிருந்து தூக்குகிறேன். சமதரையில் அவளுக்குக் காலில் மாட்டும் இரும்புக் காலிப்பரும் ஊன்றுகட்டையும் போதும். இந்தக் குடியிருப்பின் படிகளில் அவை போதாது. செங்குத்து, ஒடுக்கம். கைப்பிடிக் கம்பியை யாரோ எப்போதோ பிடுங்கி விற்றுவிட்டார்கள். மனைவி கோவிந்தம்மா எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல் வேலைக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஆகவே நான்தான்.

எனக்கு ஐம்பத்தொன்று. அவளுக்கு இருபது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து இதுவரை பார்த்ததில்லை.

11 ஜூலை, வியாழன்

சாப்பிடும்போது மாயா சொன்னாள்: "அடுத்த வருசம் கரஸ்ல மாறிடலாம்னு கீறேன். காலேஜ் ஒரே பேஜாரு."

வீட்டிலிருந்தே அஞ்சல்வழியில் படிக்கிறாளாம். பி.காம். இரண்டாமாண்டு. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. கல்லூரி விட்டு வந்து சிநேகிதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். போன வாரம்வரை பேஜாராக இல்லாத கல்லூரி.

அதிகாரிகள் சொல்லும் பொய்யைக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் இருபத்தைந்து வருடமாக என் வேலை. இது பொய் என்று கண்டுபிடிக்க நிருபராக இருக்க வேண்டியதில்லை. கோவிந்தம்மா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

15 ஜூலை, திங்கள்

காசிமேடு போகிற சந்தில் ஒரு ஜிம் இருக்கிறது. தகரக் கூரை. எடைத் தட்டுகளில் பாதி பழைய கப்பல் இரும்பில் வெட்டியவை. நடத்துபவர் சௌக்கத் அலி, ஒருகாலத்தில் பளு தூக்கியவர். எல்லாரும் பாய் என்கிறார்கள்.

"இங்க மூணு கேசுதான் ரிப்போர்ட்டர் சார் வரும். போலீஸ் செலக்சன், கல்யாணம், சுகர். நீ எந்தக் கேசு?"

சுகர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மகளைத் தூக்க முட்டியில் பலம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே எடை தூக்குகிற பையன்கள் முன்னால் எப்படிச் சொல்வது.

உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிற பஸ்கி எடுக்கச் சொன்னார். பத்து எடுப்பதற்குள் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த பையன் ரோஷன், போலீஸ் செலக்சன் கேஸ், "அங்கிள், மூச்ச உள்ள வெச்சுகினே செத்துடாத, வுடு" என்றான்.

16 ஜூலை

மாலைக்குள் எனக்குச் சுகர் என்று குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மரியம் அக்கா சர்க்கரை இல்லாத டீ கொடுத்தார். குடித்தேன்.

28 ஜூலை, ஞாயிறு

தொடை வலிக்கு மண்ணெண்ணெய் தேய் என்கிறான் ரோஷன். வேண்டாம் என்கிறார் பாய். தேய்த்துப் பார்த்தேன். வலி போகவில்லை. நாற்றமும் போகவில்லை.

காலையில் பாயின் பேச்சு முழுக்க ஒரே விஷயம்: ஜிம்முக்கு வருகிறவன் முதல் மாதம் யாருக்காகவோ வருவான், இரண்டாம் மாதம் கண்ணாடிக்காக வருவான், மூன்றாம் மாதம் வரமாட்டான். எனக்குக் கண்ணாடி பிடிக்கவில்லை. தொப்பை அப்படியே இருக்கிறது. ஆனால் நேற்று மாயாவை ஏற்றும்போது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கவில்லை. வழக்கம்போல் அவளை மேலே ஒரு தள்ளு தள்ளிச் சரிசெய்துகொள்ள மட்டும் நின்றேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

பத்திரிகைக்கு விடுமுறை, ஜிம்முக்கு இல்லை. முதுகில் மணல் மூட்டை வைத்துக்கொண்டு பலகை மேல் ஏறி இறங்கப் பழகுகிறேன். சுகருக்கு எதற்கு மணல் மூட்டை என்று பாய் கேட்கவில்லை.

வீட்டில் அரிசி மூட்டையை வைத்து அதையே செய்துகொண்டிருந்தேன். மாயா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த மூட்ட நான்தானே?"

மூட்டையை இறக்கிவைத்தேன்.

"அதுக்குக் கொஞ்சம் தலமுடி வெச்சு வுடு நைனா. அப்பதான் உன் மூஞ்சில வந்து வுழும்."

இரண்டு பேரும் சிரித்தோம். கரஸ் பேச்சை அவள் ஒரு வாரமாக எடுக்கவில்லை.

2 செப்டம்பர், திங்கள்

மாயாவுக்கு ஜிம் பைத்தியம் பிடித்துவிட்டது. தினமும் விசாரணை. பாய் இன்று என்ன சொல்லிக்கொடுத்தார், கைக்கு என்ன, தோளுக்கு என்ன. செய்து காட்டச் சொல்கிறாள். நான் காட்டுகிறேன். அவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து உடம்பை மேலே தூக்குகிறாள், இறக்குகிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுக்கிறாள். கம்பியில் பெயின்ட் போயே விட்டது.

பாயிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பெண்பிள்ளையை இங்கே வரச்சொல்ல முடியாது என்று அவருக்கு வருத்தம். அதற்குப் பதில் இரண்டு சிறிய டம்பெல் கொடுத்தனுப்பினார்.

20 செப்டம்பர், வெள்ளி

திருவொற்றியூரில் கடல் மறுபடியும் சாலையைத் தின்றிருக்கிறது. மறியல். போலீஸ் துரத்தியபோது கூட்டத்தோடு ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. ஓடி முடித்து, பேனா மூடியைத் திறந்து, நின்றபடியே எழுதினேன். இது எனக்கே ஆச்சரியம்.

மாயா இப்போது என் தோளைப் பிடிக்கும் பிடி இறுகியிருக்கிறது. முன்பெல்லாம் மூட்டை மாதிரி தொங்குவாள். இப்போது பாதி எடையை அவளே தாங்குகிறாள். தூக்குவது சுலபமாகிவிட்டது. இதற்குத்தான் கையைப் பழக்குகிறாள் போல. நல்ல பெண்.

இப்படியே போனால் அவள் படிப்பு முடியும்வரை, அதற்கப்புறம் வேலைக்குப் போகும்வரைகூட தூக்கிவிடலாம். அறுபது வயதிலும்.

6 அக்டோபர், ஞாயிறு

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மாயாவிடமே சொன்னேன். அறுபது வரைக்கும் கவலையில்லை, நைனா தூக்குவேன் என்று. பெருமையாகத்தான் சொன்னேன். தொடையைத் தட்டிக்கூடக் காட்டினேன்.

கையிலிருந்த டம்பெல்லைக் கீழே வைத்தாள்.

"உன் முதுகு வாணாம் நைனா. எனக்கு ஒரு பைப்பு வோணும்."

"இன்னா பைப்பு?"

"படிக்கட்டுல. சொவுத்துல. கையால புடிச்சுகினு நானே எறங்குவேன். ஒரு பக்கம் பைப்பு, ஒரு பக்கம் கட்ட. கை ரெடியாயிடுச்சு."

விழுந்தால்? என்றேன். "நீ தூக்கிகினு போகும்போது வுழல?" என்றாள். சொன்னவுடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோவிந்தம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்ப இந்த மூணு மாசம் நான் இன்னாத்துக்கு மூட்டை தூக்கினேன்? யாருக்கு? என் தோளை அவ இறுக்கிப் பிடிச்சது எனக்காக இல்லையா? என் மேல தொங்கிகினே என்னை வுட்டு எறங்கப் பழகிகினு இருந்தாளா?

எழுதிப் பார்க்கும்போதே அசிங்கமாக இருக்கிறது. கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

7 அக்டோபர்

ஜிம்முக்குப் போகவில்லை.

9 அக்டோபர்

போகவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

மாயாவைத் தூக்கி இறக்கினேன், ஏற்றினேன். முதுகுக்கும் மார்புக்கும் இடையில் இவ்வளவு கோபம் எப்படித்தான் அடங்குகிறதோ.

14 அக்டோபர், திங்கள்

துறைமுகம். மாதக்கணக்கில் சம்பளம் வராத மாலுமிகளோடு ஒரு கப்பல் நிற்கிறது. பேட்டி எடுக்க ஏணியில் ஏறினேன். அலையில் ஏணி ஆடியது. இரண்டு பக்கமும் கயிறு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினேன். கால் இரண்டும் நன்றாக இருக்கிற மனிதன் நான். எனக்கு முன்னால் ஏறிய மாலுமியும் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். கயிறு இல்லாவிட்டால் யாரும் ஏறமாட்டார்கள். யாராவது என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறியிருந்தால் மேலே நின்றவர்கள் சிரித்திருப்பார்கள்.

மேலே டீ கொடுத்தார்கள். பேட்டி எடுத்தேன். குறிப்பில் பாதி கையெழுத்து எனக்கே புரியவில்லை.

எத்தனையோ குடியிருப்புகளின் உடைந்த படிக்கட்டுகளைப் பற்றிச் செய்தி எழுதியிருக்கிறேன். என் படிக்கட்டு எனக்கு ஒரு செய்தியாகவே தெரிந்ததில்லை. அங்கே கம்பிக்குப் பதில் நான் இருந்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

இஞ்ச் டேப்பின் ஒரு முனையை மாயா வாசலில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். மறுமுனையோடு நான் இறங்கினேன். எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். நான் சொன்ன உயரம் என் இடுப்புக்குச் சரி. கட்டையில் குனிந்து இறங்கும் அவளுக்கு அது தோள்.

படகுப் பட்டறையில் வெல்டிங் செய்கிற ஆளைப் பாய் அனுப்புகிறார். எதற்கு என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அப்ப சுகரு?"

"கெடையாது பாய்."

"தெரியும். சுகர் கேசு எவனும் என் டீல மூணு ஸ்பூன் போட்டுக்க மாட்டான்."

4 நவம்பர், திங்கள், தீபாவளி

பைப் வந்துவிட்டது, மூன்று மாடிக்கும். பிள்ளைகள் அதில் தொங்குகிறார்கள். "எனக்கு முட்டி வலி வந்து இத்தினி வருசம் ஆவுது, இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்துச்சா" என்று மரியம் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே அதைப் பிடித்து மாடிக்கு வந்து பலகாரம் வாங்கிப்போனார்.

மாயா முதன்முதலில் இறங்கினாள். நான் ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன்.

"கைய நீட்டிகினு நிக்காத நைனா. கோழி புடிக்கிற மாதிரி கீற."

கையை மடக்கினேன். அது தானாக நீண்டது.

18 நவம்பர், திங்கள்

இன்று கட்டை வழுக்கிவிட்டது. கீழே வரைக்கும் உருண்டு போன சத்தம். அவள் இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டேன்.

நான் இதுவரை கேட்காத குரலில் கத்தினாள். "இன்னாத்துக்குப் புடிச்ச? நான் வுழுந்திருப்பேனா நின்னிருப்பேனான்னு இனிமே எனக்கு எப்டித் தெரியும்?"

கட்டையை எடுத்துவந்து கொடுத்தேன். மிச்சப் படிகளை இறங்கினாள். நன்றாகத்தான் இறங்கினாள்.

நான் வீட்டில் இருந்தால் அவள் முன்னால் போய் நிற்காமல் இருக்க முடியாது. நின்றால் பிடிக்காமல் இருக்க முடியாது.

19 நவம்பர்

ஆறு வாரத்துக்கு அப்புறம் பயிற்சிக்கு ஜிம்முக்குப் போனேன். இனிமேல் ஏழரைக்கு வருகிறேன் என்றேன்.

"ஏழரைக்குப் பசங்க எல்லாம் கெளம்பிப் பூட்டிருப்பானுங்க. நான் கதவு சாத்தற டைம் சார் அது. உன் பொண்ணு காலேஜுக்குக் கெளம்பற டைமில்ல?"

"அதனாலதான் பாய்."

"இது நாலாவது கேசு" என்றார். கதவைத் திறந்துவைப்பதாகச் சொன்னார்.

வீட்டில் மாயாவிடம் சொன்னேன். "எத்தினி நாளைக்கு?" என்றாள். தினமும் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

6 டிசம்பர், வெள்ளி

ஆரம்பத்தில் பஸ்கி எடுக்கும்போது சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் பாய் விட்டுவிட்டார். அப்புறம் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோ மேல் கவிழ்த்துவிட்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. என் கணக்குக்கு மூச்சு மட்டும்தான்.

திரும்பி வந்தபோது தூறல். மரியம் அக்கா படியடியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பூட்டா உன் பொண்ணு. ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான், இர்றா வந்துகினுதானே கீறேன்னு அவனத் திட்டிகினே எறங்குனா."

"கட்டை?"

"கைலதான் இருந்துச்சு. போ, போயி குளி. கலீஜா கீற."

ஏறினேன். பைப் ஈரமாக இருந்தது. பிடித்துக்கொண்டே ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றேன். மூச்சு வாங்கவில்லை. நிற்க ஒரு காரணமும் இல்லை. வெறும் முதுகோடு தோள் தானாக மேலே ஒரு தள்ளு தள்ளியது.

பிறகு ஏறிவிட்டேன்.